சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலையில் முதல் லேனை (வலது ஓர லேன்) விட்டு நகராத கார்களை எப்படித் தாண்டுகிறீர்கள்?

தெம்பனிஸ்காரி:
லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான், பின்கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான ஆரஞ்சு முக்கோணம் இன்னும் இருக்கிறது. தினமும் துவாஸுக்கு வேலைக்குப் போக பிஐஇதான் வழி. தோ பாயோ தாண்டியதும் முதல் லேனில் யாராவது ஒருவர் 70-இல் ஊர்ந்துகொண்டிருப்பார், அவருக்கு முன்னால் பார்த்தால் ஈ காக்கை இருக்காது. நேற்று பொறுமை போய் இடப்பக்கம் வெட்டினேன், இரண்டு லேனுக்கும் நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் தெரியவே இல்லை. அவர் ஹார்ன் அடித்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், ஜூரோங் வரை கை நடுக்கம் நிற்கவில்லை. ஹைபீம் அடிக்கலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டு பின்னாலேயே போகணுமா?

பழைய டாக்சி:
தங்கச்சி, முதலில் பின்னுக்கு வாங்க. 90-இல் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறோம், இரண்டு வினாடி இடைவெளி என்றால் 50 மீட்டர். ஒட்டிக்கொண்டு போனால் முன்னால் இருப்பவர் பயந்து பிரேக்கைத்தான் தொடுவார், விலக மாட்டார். தள்ளி நின்று ஹைபீம் ஒரே ஒரு தடவை, சின்னதாக. பாதிப் பேர் அதிலேயே விழித்துக்கொண்டு வழிவிடுவார்கள் (மீதிப் பேர் போனில் இருப்பார்கள், அது வேறு கதை). விலகாவிட்டால் விட்டுவிடுங்க. இடப்பக்கமாகப் புகுந்து முந்துவதை விதிப்புத்தகமே ஒப்புக்கொள்ளாது, அதோடு முதல் வருடத்தில் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் உங்கள் லைசென்ஸே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்க, 10 கிலோமீட்டரை 80-இல் ஓட்டினால் ஏழரை நிமிடம், 90-இல் ஓட்டினால் 6 நிமிடம் 40 வினாடி. மிச்சம் 50 வினாடி. ஒரு கோப்பி ஓ வாங்கக்கூடப் பத்தாது.

நேர்கோடு:
எல்லை 90, நானும் 90. பின்னால் வருகிறவன் 110-இல் பறந்தால் நான் ஏன் விலகணும்? அவனுக்காக நான் தப்பு செய்ய முடியாது.

பழைய டாக்சி:
விலகுவது தப்பு இல்லை தம்பி, விலகாததுதான் தப்பு. வலது ஓரம் முந்துவதற்குத்தான், முந்தியாச்சா, இடப்பக்கம் வந்துவிடணும். அவன் வேகத்தைப் பிடிக்கப் போலிஸ் கேமரா இருக்கிறது, அந்த வேலையை உங்கள் பம்பர் செய்ய வேண்டாம். இன்னொன்று, பெரும்பாலான கார்களில் வேக மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். 90 என்று நீங்கள் நினைப்பது உண்மையில் 85 ஆக இருக்கலாம்.

பெரிய லாரி:
எங்களையும் கொஞ்சம் பாருங்க. என் லாரிக்குப் பின்னால் 60 என்று வட்டமாக ஒட்டியிருக்கும், அதுதான் எங்களுக்கு எல்லை. முன்னால் ஒருவர் 58-இல் போனால் அவரைத் தாண்டி முடிக்க எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவரை இரண்டாவது லேனில்தான் இருப்பேன். அந்த நேரத்தில் முதல் லேனில் ஒருவர் 70-இல் இருந்தால் உங்களுக்கு இரண்டு பக்கமும் சுவர்தான். எனக்கும் அவருக்கும் நடுவில் புகுந்து வெட்டாதீங்க, நிறைய எடை ஏற்றியிருந்தால் என்னால் சட்டென்று நிறுத்த முடியாது.

தெம்பனிஸ்காரி:
சரி, ஹைபீம் ஒரு தடவை, அப்புறம் பொறுமை. அந்த மோட்டார் விஷயம்? கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன் அண்ணே, சத்தியமாக.

பழைய டாக்சி:
கண்ணாடி பத்தாது. சிக்னல் போட்டு மூன்று எண்ணுங்க, கழுத்தைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, அப்புறம்தான் கை. காலையில் மலேசியாவின் ஜோகூரிலிருந்து வரும் மோட்டார்கள் ஒன்று போனால் பின்னாலேயே இரண்டு வரும். முதல் ஆள் தாண்டியதும் பலர் திரும்பிவிடுகிறார்கள், இடிபடுவது இரண்டாவது ஆள்.