‘கபால்’ (cabal) எண்ட ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் என்ன?

யாழ்ப்பாணத்து ஆங்கில ஆசிரியர்மாரே, மொழிபெயர்ப்பாளரே, ஒருக்கா உதவுங்கோ.

‘கபால்’ எண்டால் ஒரு அமைப்புக்குள்ளேயே இரகசியமாய்க் கூடிச் சூழ்ச்சி செய்யிற சின்னக் கூட்டம். ‘கபால் ஒஃப் ஜெனரல்ஸ்’ சரி. ‘ஹீ இஸ் எ கபால்’ பிழை, தனியாளுக்கு ‘கொன்ஸ்பிரேட்டர்’ தான். உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாம் அசையில்.

இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்ள்ஸின் ஐந்து அமைச்சர்மாரின் (கிளிஃபர்ட், ஆர்லிங்டன், பக்கிங்காம், ஆஷ்லி, லோடர்டேல்) முதலெழுத்தில் பிறந்த சொல் எண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்காதேங்கோ. அது தற்செயல், யூதரின் மறைஞான மரபைக் குறிக்கிற எபிரேய ‘கபாலா’விலிருந்து பிரெஞ்சு வழியாய் வந்த சொல், அவைக்கு முன்னமே புழக்கத்தில் இருந்தது.

‘சதிகாரர்’ எண்டால் ஆக்களைத்தான் குறிக்கும், ‘கும்பல்’ தெருச்சண்டை மாதிரிக் கேக்குது, ‘உட்குழு’வில் சதியே இல்லை. ‘சூழ்ச்சிக்குழு’ பொருந்துமோ? வேறை நல்ல சொல் இருந்தால், வசனத்தோடை எழுதுங்கோ.