ஆர்எக்ஸ் 100: கிராங்க் ஆயில் சீல் புதிதாகப் போட்டும் ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் இறங்கவில்லை, உதவுங்கள்

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, டூ ஸ்ட்ரோக் பைக். வீட்டிலேயே எஞ்சினை முழுதாகப் பிரித்தேன். கிராங்கை (பிஸ்டன் சுழற்றும் தண்டு) மட்டும் லேத்துப் பட்டறையில் கொடுத்து கனெக்டிங் ராடு மாற்றி வாங்கினேன். மெயின் பேரிங்குகளும் இரண்டு பக்க ஆயில் சீல்களும் (தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையங்கள்) புதியவை. உதைத்ததும் வண்டி பிடித்துக்கொள்கிறது. ஆனால் சூடேறிய பிறகு ஆக்சிலேட்டரை விட்டாலும் வேகம் இறங்காமல் மேலேயே நின்று அலறுகிறது. வெகுநேரம் கழித்துத்தான் அடங்குகிறது. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று, அதில் குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டையும் மாற்றியாயிற்று. புகை வழக்கமான அளவுதான், கியர் ஆயிலும் குறையவில்லை. பிளக் முனை மட்டும் சுண்ணாம்பாக வெளுத்திருக்கிறது. மறுபடியும் எஞ்சினை இரண்டாகப் பிரிக்க வேண்டுமா?

டூ ஸ்ட்ரோக் ரசிகன்:
எங்கோ காற்று உள்ளே போகிறது. முதலில் கார்புரேட்டருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ரப்பரைப் பாருங்கள், வெடித்திருக்கும். சீல் மேல் சந்தேகம் இருந்தால் சுற்றிலும் கேஸ்கெட் பசை தடவி விடுங்கள், அடைத்துக்கொள்ளும்.

பட்டறைக்காரர்:
பசை வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். சீல் ஒழுகுவது பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்டைத் தொடும் உள் உதட்டில். வெளிவிளிம்பில் பசை பூசி அது நிற்காது. பசை உள்ளே பிதுங்கினால் பேரிங்குக்கு ஆயில் போகும் சிறு துளையும் அடைபடும்.

தம்பி, ஒழுக்கைச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள். வெளுத்த பிளக் என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு.  பிஸ்டன் பிடித்துக்கொண்டால் இத்தனை வேலையும் வீண்.

இந்த எஞ்சினில் கிராங்க் அறையும் ஒரு பம்புதான். பிஸ்டன் ஏறும்போது உறிஞ்சும், இறங்கும்போது அழுத்தும். வலதுபக்க சீல் போனால் கிளட்ச் பக்கத்து கியர் ஆயில் உள்ளே இழுபட்டு வெள்ளைப் புகை தள்ளும், ஆயிலும் குறையும். உங்களுக்கு அது இல்லை. இடதுபக்கம், மேக்னெட்டுக்கு (மின்சாரம் தரும் சுழல் சக்கரம்) பின்னால் இருக்கும் சீல் போனால் வெறும் காற்று நுழையும். நீங்கள் சொல்லும் குறி அதைத்தான் காட்டுகிறது. ஆனால் ரசிகர் சொன்ன ரப்பரும் இதே குறியைக் காட்டும். ஊகித்துப் பிரிக்காமல் எஞ்சினுக்குள் காற்று அடைத்துப் பாருங்கள்.

சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றுங்கள். கார்புரேட்டர் மாட்டும் ரப்பரை விட்டுவைத்து, அதன் வாயில் டியூப் வால்வு பதித்த இறுக்கமான கட்டையைச் செருகி கிளிப் போடுங்கள்; காற்றை அந்த வால்வு வழியே விடுங்கள். அப்போதுதான் அந்த ரப்பரும் சோதனைக்குள் வரும். ஆயில் பம்பின் சிறு குழாய் அங்கே சேர்ந்தால் அதையும் அடையுங்கள். சைலன்சர் வாயில் பழைய டியூப் ரப்பர் வைத்துத் தகடு போட்டு முடுக்குங்கள். பிளக் இடத்திலேயே இருக்கட்டும், பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்கட்டும். அழுத்தம் 6 பிஎஸ்ஐ போதும். பஞ்சர் கடை கம்ப்ரெஸரை வைத்துவிடாதீர்கள், நல்ல சீலும் தெறித்துவிடும்.

காவிரிக்கரை:
நன்றி அண்ணா. அவ்வளவு குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டர் என்னிடம் இல்லையே?

பட்டறைக்காரர்:
இரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவி கிடைக்குமா? கடிகாரம் போன்ற மீட்டரும் கைப்பம்பும் உள்ளது. அதில் 300 (மி.மீ. பாதரசம்) என்றால் ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ, கச்சிதம். முள் அசையாமல் நின்றால் நல்லது; நிமிடத்துக்கு 50க்கு மேல் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. மேக்னெட்டைக் கழற்றிவிட்டு சீல், பிளாக் அடி, கிராங்க் கேஸ் இணைப்பு, இன்லெட் எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவுங்கள். வலதுபக்கத்துக்குத் தனி வழி: கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து துளைமேல் நுரைப் படலம் இழுத்துவிடுங்கள். படலம் உப்பினால் அந்தப் பக்க சீல் ஒழுகுகிறது.

காவிரிக்கரை:
பார்த்துவிட்டேன். முள் மளமளவென்று இறங்கியது. இன்லெட், இணைப்பு இரண்டும் சுத்தம். கியர் ஆயில் துளைமேல் படலம் அசையவில்லை. இடதுபக்க சீலின் உதட்டோரம், ஒரே இடத்தில், பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருக்கிறது. சீலைக் கழற்றினால் ஷாஃப்டில் பழைய சீல் ஓடிய இடத்தில் வளையமாக ஒரு தடம். நகம் வைத்தால் இலேசாகத் தட்டுகிறது. புதிய சீலும் அதே தடத்தில்தான் உட்கார்ந்திருந்தது.

பட்டறைக்காரர்:
காரணம் கிடைத்துவிட்டது. தடம் ஆழமாக இருந்தால் ஷாஃப்டின்மேல் மெல்லிய உலோக உறை போடவேண்டும். இலேசானது என்றால் உதடு தடத்தைத் தாண்டி விழும்படி சீலை 1 மி.மீ. வெளியே நிறுத்தினாலே போதும். உள்ளே தள்ளாதீர்கள், பேரிங்கின் ஆயில் துளை மறையும். ஷாஃப்டை நைசான உப்புத்தாளால் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள், நீளவாக்கில் கீறினால் அந்தக் கீறல் வழியே காற்று போகும். கழற்றிய சீலை மறுபடி போடாதீர்கள். வாங்கும்போது உதட்டை விரலால் வளைத்துப் பாருங்கள். பல வருடம் கடையில் கிடந்த சீல் விறைத்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றுகிறோம் என்பதால், கிடைத்தால் அதைத் தாங்கும் வைட்டான் ரப்பர் சீலாக வாங்குங்கள்.

சீலில் உதட்டை இறுக்கும் சுருள் கம்பி தெரியும் பக்கம் கிராங்க் அறையைப் பார்க்க வேண்டும். ஷாஃப்டில் மேக்னெட்டின் சாவி உட்காரும் பள்ளத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், உதட்டைக் கிழித்துவிடும். பால் பாக்கெட் உறையை வெட்டி ஷாஃப்டில் சுற்றி, அதன்மேல் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) தடவி வழுக்கி இறக்குங்கள். பிறகு சீலின் வெளிவட்டத்துக்குச் சரியான குழாயை வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள்.

காவிரிக்கரை:
வைட்டான் சீல் கோயம்புத்தூரில் கிடைத்தது. சொன்னபடியே போட்டேன். இப்போது 300இல் வைத்த முள் அங்கேயே நிற்கிறது. எஞ்சினைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. மிக்க நன்றி அண்ணா.

பட்டறைக்காரர்:
மகிழ்ச்சி தம்பி. ஒழுக்கு இருந்தபோது திருகிய கார்புரேட்டர் ஏர் ஸ்குரூ அளவு இனி பொருந்தாது. எஞ்சினைச் சூடேற்றி ஸ்லோவை (ஆக்சிலேட்டர் விட்டபின் ஓடும் வேகம்) புதிதாக வையுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு பிளக்கின் நிறத்தை இங்கே எழுதுங்கள். காப்பிப்பொடி நிறத்துக்கு வரவேண்டும்.