கோகர்ணா ஹாஃப் மூன் பீச்: பாறை வழியா, குன்று வழியா?

அல்சூர்வாசி:
டிசம்பரில் பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறு பெங்களூரிலிருந்து கோகர்ணா போகிறோம். நாலு பேர். அம்மாவுக்கு 60 வயது, முழங்கால் வலி உண்டு. ஓம் பீச்சிலிருந்து கடலோரப் பாறை மேலேயே ஹாஃப் மூன் போய்விடலாம் என்கிறார்கள், சரியா? ரயில் போதுமா, கார் எடுக்கணுமா?

மேற்குக்கரை:
பாறை வழி வேண்டவே வேண்டாம். அலை தொடும் உயரம் வரை கறுத்திருக்கும் பாறையில் பாசி படிந்திருக்கும், வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் வழுக்கும். விழுந்து கையூன்றினால் ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்துவிடும்.

ஓம் பீச்சின் தென்கோடியில் குன்றேறும் ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். போகும்போது கடல் வலக்கைப் பக்கமே இருக்கும். அரை மணி நேரம் போதும். மேலே செம்புறைக்கல் சரளை, இறக்கத்தில்தான் கால் சறுக்கும். செருப்பு கூடாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுங்கள், அங்கே கடையை நம்பாதீர்கள். சூரியன் 6 மணிக்குப் பிறகு சீக்கிரமே மறைந்துவிடும். 5 மணிக்குள் திரும்ப ஆரம்பியுங்கள். நிலா வெளிச்சத்தை நம்பி அந்த இறக்கத்தில் கால் வைக்காதீர்கள்.

ஓதக்கணக்கு:
பௌர்ணமி என்பதால் இதையும் கவனியுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அந்தக் கரையில் அந்த நாட்களில் ஏற்றம் பெரும்பாலும் முற்பகலிலிருந்து உச்சிக்குள் வரும். ஊரிலிருந்து சாவகாசமாகக் கிளம்புகிறவர்கள் போய்ச் சேருவதும் அப்போதுதான். மணல் குறுகிப் பாறையோடு ஒட்டிவிடும். நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் கார்வார் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) அந்தந்தத் தேதிக்கே பாருங்கள். ஹாஃப் மூனுக்கு அடுத்த பாரடைஸ் பீச் வரை போவதென்றால் இன்னும் கவனம், அந்த வழியில் பெரிய பாறைகளைத் தாண்ட வேண்டும்.

குளிப்பது இடுப்பளவுத் தண்ணீரோடு நிற்கட்டும். உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகுங்கள்.

மல்லேஸ்வரம்_பயணி:
அம்மாவுக்குப் படகுதான் சரி, ஓம் பீச்சிலேயே கிடைக்கும். ஆனால் ஹாஃப் மூனில் படகுத்துறை கிடையாது, தண்ணீரில்தான் இறங்கணும். பெரிய அலை கடந்ததும் பக்கவாட்டில் இறங்கி உடனே விலகச் சொல்லுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் நின்றால் அடுத்த அலை படகைத் தூக்கிக் காலில் மோதும். மதியத்துக்கு மேல் கடற்காற்று வலுத்து அலை கூடும், ஆகவே காலையிலேயே போய்த் திரும்பிவிடுங்கள்.

ரயிலே போதும். பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் மாலை ஏறினால் காலையில் கோகர்ணா ரோடு ஸ்டேஷன். அங்கிருந்து ஊர் சுமார் 10 கிலோமீட்டர், ஆட்டோ உண்டு. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

அல்சூர்வாசி:
அப்போ சனிக்கிழமை குட்லே பீச்சும் ஓமும். ஞாயிறு காலை 7 மணிக்கு ஓமிலிருந்து அம்மா படகில், நாங்கள் குன்று வழியில். சரியா?

மேற்குக்கரை:
சரி. ஆனால் அம்மாவோடு ஒருத்தர் படகில் போகணும், இறங்கும்போது கை கொடுக்க. குன்று வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், எந்த இடத்தில் சந்திப்பது என்று ஓமிலேயே பேசி முடித்துவிடுங்கள்.