பொருள்: கலையை விண்வெளியில் வைத்துக் காப்பதற்கு என்ன பெயர்?

காட்பாடி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போகிறோம். அதற்கு முன் பள்ளியில் ஒரு கண்காட்சி. இக்கால ஓவியம், கவிதை எல்லாவற்றையும் வருங்காலத்தவருக்காக நிலவுக்கு அனுப்பும் லூனார் கோடெக்ஸ் திட்டம் பற்றி ஒரு பலகை வைக்கிறோம். 30,000-க்கும் மேற்பட்ட கலைஞர்களின் படைப்புகள். நிக்கல் தகட்டில் நுணுக்கிப் பொறித்தவற்றை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். இப்போதைக்கு 'டைம் கேப்ஸ்யூல்' என்று எழுதியிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. 'விண்பேழை' சரியா? திங்கட்கிழமை ஃபிளெக்ஸ் கடையில் கொடுக்க வேண்டும்.

குடியாத்தம் புலவர்:

பேழை வேண்டாம் அம்மா. பேழ் என்றால் பெரிது. புலியின் வாயைத்தான் பேழ்வாய் என்போம். மெல்லிய தகட்டுக்கு அது பொருந்தாது. தவிர, மண்ணும் குடமும் மட்குடம் ஆவதுபோல் விண்ணும் பேழையும் விட்பேழை ஆக வேண்டும். வானைக் குறிக்கும் விண்ணுக்கு அத்துச் சாரியையும் உரித்து என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் விண்ணத்துப் பேழை. இத்தனை சிக்கல் எதற்கு? வள்ளுவர் 'பொருள்வைப்புழி' என்கிறாரே, பின்னால் உதவட்டும் என்று வைக்கும் இடம். 'விண்வைப்பு' என்று எழுதுங்கள்.

ராணிப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, விண்கலத்தை யாரும் விட்கலம் என்பதில்லை. அத்துச் சாரியை செய்யுளுக்கு, அதுவும் தொழிற்சொல் தொடரும்போது. வைப்பு என்றால் பிள்ளைகளுக்கு வங்கி வைப்புத்தொகைதான் நினைவுக்கு வரும். காலப்பெட்டகம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் சொல். அதை ஒட்டி 'விண்வெளிக் கலைப்பெட்டகம்' என்றால் படித்ததும் புரியும்.

வாணியம்பாடி அன்பர்:

1977-இல் வாயேஜர் விண்கலங்களில் போன தங்கத் தட்டில், அதாவது ஒலித்தட்டில், 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் உண்டு, தமிழ் இல்லை. முதலில் அதைப் பலகையில் எழுதுங்கள். அப்புறம், இங்கே ஆர்மாமலைக் குகையில் சமண ஓவியங்கள் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டன. நிலவில் காப்பதைப் பேசும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

செங்கம் கல்வெட்டு ஆர்வலர்:

பெட்டி, பேழை, வைப்பு எல்லாமே பொருளை மூடி வைக்கும் சொற்கள். நம்மிடம் வேறொரு மரபு இருக்கிறது. எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலம். வீரனின் உருவம், அருகே அவனுடைய நாய். கல்லிலேயே நாயின் பெயர் கோவிவன் என்றும் அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்த வரி இல்லாவிட்டால் நமக்கு அது ஏதோ ஒரு நாய். படத்தோடு சேதியும் சேர்ந்து நின்றதால்தான் 1,400 ஆண்டுகளைத் தாண்டி நம்மிடம் பேசுகிறது.

1971-இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் 8.5 செ.மீ. அலுமினிய உருவம் ஒன்றை வைத்தார்கள். பால் வான் ஹுய்டோங்க் செய்தது. பக்கத்திலேயே, உயிர்நீத்த விண்வெளி வீரர் 14 பேரின் பெயர் பொறித்த தகடு. அமெரிக்கரும் உண்டு, சோவியத்துக்காரரும் உண்டு. உருவும் பெயரும் சேர்த்து வைத்தால் அது நடுகல்தானே? 'விண்நடுகல்' என்பதே என் பரிந்துரை.

ராணிப்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:

அண்ணா, அப்பல்லோ உருவத்துக்கு அது அப்படியே பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் நடுகல் இறந்தவருக்கு எடுப்பது. உயிரோடு இருக்கிற ஓவியரின் படத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் அவர் வீட்டார் என்ன நினைப்பார்கள்?

செங்கம் கல்வெட்டு ஆர்வலர்:

அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் வரும்போது இன்றைய ஓவியர் யாரும் இருக்கப் போவதில்லை தம்பி. நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

காட்பாடி ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால் 'விண்வெளிக் கலைப்பெட்டகம்' பக்கம்தான் ஆள் அதிகம். அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அப்பல்லோ உருவத்தின் கீழே மட்டும் 'நிலவில் ஒரு நடுகல்' என்று போட்டிருக்கிறேன். தங்கத் தட்டில் தமிழ் இல்லாத செய்தியும் பலகையில் உண்டு.

குடியாத்தம் புலவர்:

என் மறுப்பு பதிவாகட்டும். பெட்டகம் என்றால் பூட்டும் சாவியும் கூடவே வரும். யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கட்டும் என்று வைப்பதற்கு அந்தச் சொல் ஆகாது. 'வைப்பு' வங்கிக்காரர்களின் சொல் என்று விட்டுவிடவும் முடியாது. நம் சொல்லைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கண்காட்சிக்கு முன் இதை மறுபடியும் எடுப்பேன்.