கன்னி நாயா, சிப்பிப்பாறை நாயா? வீட்டில் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரை, திருநகர்

வணக்கம். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்த மணி போன ஆவணியில் இறந்துபோனான். சாதாரணத் தெரு நாய்தான், மழை நாளில் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்த குட்டி. இனி நாயே வேண்டாம் என்றுதான் இருந்தோம். பையனுக்கு ஒன்பது வயது, பெண்ணுக்கு ஐந்து. ரெண்டு பேரும் விடுவதாயில்லை. சரி, நம்ம ஊர் வெயிலைத் தாங்குகிற நாட்டு நாயாக வாங்குவோம் என்று முடிவு செய்தோம்.

கோவில்பட்டி பக்கம் ஒருவரிடம் ரெண்டு ஈத்துக் குட்டிகள் இருக்கின்றன. ஒன்று கருப்புக் கன்னி, இன்னொன்று செவலைச் சிப்பிப்பாறை. நேரில் போய்ப் பார்த்தேன். நிறத்தைத் தவிர எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே நீள மூஞ்சி, அதே ஒட்டிய வயிறு, அதே மெல்லிய கால். "ரெண்டும் ஒரே ரத்தம்தான் சார்" என்கிறார் அவர். பக்கத்தில் நின்றவரோ "அதெப்படி, கன்னி வேற" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

வீட்டில் அம்மாவுக்கு எழுபது வயது. பிறகு நாங்கள் ரெண்டு பேர், பிள்ளைகள் ரெண்டு பேர். முன்னால் கொஞ்சம் மண் தரை, நாலடிச் சுற்றுச்சுவர். வளர்த்தவர்கள், உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சாத்தூர் பக்கம்

தம்பி, எங்க தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல இந்த நாய் உண்டு. எங்களுக்குக் கன்னிங்கறது நிறத்தோட பேரு. நாயை விடுங்க, ஆட்டைப் பாருங்க. சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கன்னி ஆடுன்னு கருப்பு ஆடு இருக்கு. மூஞ்சியில ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஓடினா பால்கன்னி, செவப்புக் கோடு ஓடினா செங்கன்னி. நாய்க்கும் அதே கணக்குதான். உடம்பு கருப்பு, காலும் மூஞ்சியும் செம்மண் நிறம், கண்ணுக்கு மேல பொட்டு வச்ச மாதிரி ரெண்டு புள்ளி. இப்படிப் பொறந்தா கன்னி. செவலை, மயிலைன்னு பொறந்தா சிப்பிப்பாறை. ஒரே ஈத்துல ரெண்டும் விழுந்ததை நான் பாத்திருக்கேன். கல்யாணப் பொண்ணுக்குச் சீதனமா குடுத்ததால கன்னின்னு பேர் வந்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எங்க சொந்தத்துல அப்படிக் குடுத்ததா நான் கேட்டதில்ல.

நீங்க பாக்க வேண்டியது நிறம் இல்ல, ஓட்டம். முயல் பிடிக்கன்னே வளத்த நாய் இது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குத்தம், எங்க வீட்டுலயும் அத விட்டு எத்தனையோ வருஷமாச்சு. ஆனா நாயோட காலுக்கு அது தெரியாதே. நான் தினமும் விடியக்காலம் கம்மாய்க்கு உள்ள கூட்டிட்டுப் போவேன். தண்ணி வத்தின காலத்துல நல்ல வெட்டவெளி அது. அவுத்து விட்டா பத்து நிமிஷம் காத்து மாதிரி போகும். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, அப்பறம் நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து நிக்கும். அவ்வளவுதான். அன்னைக்குப் பூரா திண்ணையில படுத்திருக்கும், பேரப்பிள்ளைங்க மேல ஏறி மிதிச்சாலும் எந்திரிச்சு வேற இடத்துல போய்ப் படுக்கும். மழை வந்து மூணு நாள் ஓட விடலைன்னு வைங்க, நாலாம் நாள் அது வேற நாய். துணி கிழியும், செருப்பு போகும், வாசல்ல குழி விழும்.

நாலடிச் சுவர் பத்தாது. நின்ன இடத்துல இருந்தே தாண்டும். ஆறடியாவது வேணும்.

இன்னொண்ணு, விலா எலும்பு தெரியும். கடைசி ரெண்டு மூணு விலா தெரியறதுதான் இதுக்கு நல்ல உடம்பு. அக்கம்பக்கத்துல சோறு போடறதில்லையான்னு கேப்பாங்க. அத நம்பி உடம்பை ஏத்தி விட்றாதீங்க, கால் தாங்காது.

சென்னை, மூன்றாம் மாடி வீடு

நான் வளர்ப்பது செவலைச் சிப்பிப்பாறை, ஆண், இப்போது நாலு வயது. முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து நாளில் வாங்கினேன். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது என்று 2017லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது, எனக்கு அப்போது தெரியாது. தாயையும் உடன்பிறப்புகளையும் சீக்கிரமே பிரிந்ததாலோ என்னவோ, வேகமில்லாமல் கடிக்க அவனுக்குத் தெரியவில்லை. விளையாட்டுக்குக் கடித்தாலும் ரத்தம் வரும். ஆறு மாசம் என் கை முழுக்கத் தழும்பு.

இரண்டாவது, கழுத்துப்பட்டை. இந்த நாய்களின் தலை கழுத்தைவிடப் பெரிதாக இருக்காது. பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டை அப்படியே கழன்று வந்துவிடும். ஒன்றரை வயதில் ஒரு நாள் தெருமுனையில் பூனையைப் பார்த்தான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், பட்டை தரையில் கிடக்கிறது, அவன் இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பழக்கமெல்லாம் ஓட ஆரம்பித்தபிறகு கிடையாது. கண்ணில் பட்டது மட்டும்தான் அவனுக்கு உலகம். மூன்று மணி நேரம் தேடினோம். ரெண்டு சிக்னல் தள்ளி ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தான். கடைக்காரர் பன் போட்டிருக்கிறார், தொடவில்லை. அன்றிலிருந்து இழுத்தால் இறுகுகிற அகலப் பட்டைதான். சுற்றிலும் அடைப்பு இல்லாத இடத்தில் அவனை நான் அவிழ்ப்பதே இல்லை.

மாடி வீட்டில் வளர்க்க முடியுமா என்று கேட்டால், முடிகிறது. ஆனால் காலை ஐந்து மணியும் இரவு ஒன்பது மணியும் என்னுடையவை அல்ல, அவனுடையவை. ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவர் ஒருவரின் சுவர் வைத்த காலி மனையில் ஓட விடுகிறேன். மற்ற நேரமெல்லாம் அவ்வளவு அமைதியான நாய். குரைப்பதே அபூர்வம். மார்கழியில் என் போர்வைக்குள் வந்துவிடுவான், உடம்பில் கொழுப்பும் இல்லை, முடியும் இல்லை.

கருத்தடை ஆபரேஷனுக்குப் போகும்போது டாக்டரிடம் இனத்தைச் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்து தெளிய ரொம்ப நேரமாகும் என்று எங்கள் டாக்டர் விளக்கி, மருந்தையே மாற்றிக் கொடுத்தார்.

கோவை

எங்களிடம் கன்னி, பெண். பெயர் வள்ளி. அண்ணா, உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வந்த புதிதில் ஆறு வாரம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தாள். ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு வந்து தின்றுவிட்டுப் போவாள். நோயோ என்று பயந்து டாக்டரிடம் ரெண்டு முறை தூக்கிப் போனோம். ஒன்றும் இல்லை, கூச்சம். என் மூத்த பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. இழுக்கக் கூடாது, மேலே குனிந்து தொடக் கூடாது, தரையில் உட்கார்ந்து உன் வேலையைப் பார் என்று சொல்லி வைத்தேன். அவளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். எத்தனையாவது நாள் என்று நினைவில்லை, ஒரு சாயங்காலம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால் நோட்டின் மேல் வள்ளியின் மூஞ்சி இருக்கிறது, குழந்தை எழுதாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இன்றைக்கு மூன்று வருஷம். வீட்டு ஆட்களிடம் அப்படி ஒரு பாசம். வெளியாள் வந்தால் எழுந்து போய்விடுவாள், கடிக்கவும் மாட்டாள், வாலாட்டவும் மாட்டாள். பிறந்தநாளுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்த அன்று பயத்தில் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இப்போதெல்லாம் விசேஷம் என்றால் மாடி அறையில் விசிறியைப் போட்டு, கூட ஒருவர் இருந்துகொள்கிறோம். தீபாவளியும் அப்படித்தான்.

குரல் உயர்ந்தால் போதும், தாங்க மாட்டாள். ஒரு தடவை என் கணவர் போனில் யாரையோ சத்தம் போட்டார். அவளைத்தான் திட்டுகிறார் என்று நினைத்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அடித்துப் பழக்கலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த நாயைத் தயவுசெய்து வாங்க வேண்டாம். பழகும், ஆனால் அதன்பின் கையைத் தூக்கினாலே சுருண்டு படுக்கிற நாயாகிவிடும்.

உடுமலை

சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்டத்தில் சிப்பிப்பாறை வைத்திருந்தேன். எங்கள் கோழிகளைக் குட்டியிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் தொட மாட்டான். பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் ஏழையும் ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான். ஏழுக்கும் பணம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுப்பான், அதே நாள் வெளிப் பூனையை விரட்டுவான். பக்கத்தில் கோழி, முயல், பூனை இருந்தால் முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். கன்னியும் இதில் மாறாது, என் மச்சான் வீட்டில் கன்னிதான்.

திருநெல்வேலி

சாத்தூர் அண்ணாச்சி சொல்லுததை மதிக்கேன், ஆனா முழுசா ஒத்துக்க முடியல. எங்க மாமா வீட்டுச் சிப்பிப்பாறையும் எங்க கன்னியும் பக்கத்துல பக்கத்துல நின்னா எலும்பே வேற மாதிரி தெரியும், கன்னிக்கு உடம்பு இன்னும் மெலிசு. கர்னால்ல இருக்க தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் நாய் இனங்களைப் பதிவு செய்ய ஆரம்பிச்சப்ப நம்ம பக்கத்துல ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் சேத்தாங்க, கன்னி அந்தப் பட்டியல்ல இல்ல. தனி இனம்னு காட்டுத அளவுக்குச் சுத்தமா வளக்கணும்னுதான் எங்களுக்கு ஆதங்கம். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மனதின் குரல்ல கன்னியையும் சிப்பிப்பாறையையும் தனித்தனியாத்தான் சொன்னாரு. அதுக்கப்பறம் எங்க ஊருக்குக் குட்டி கேட்டு கார்ல வந்தவங்க ரொம்ப. கருப்பும் செம்மண்ணுமா எது பொறந்தாலும் கன்னின்னு தள்ளிவிட்டவங்களும் உண்டு.

அதனால நிறத்தைப் பாத்து வாங்காதீங்கங்கறதுல மட்டும் அண்ணாச்சி பக்கம்தான் நான். தாயைக் காட்டச் சொல்லுங்க. நீங்க உள்ள போனதும் தாய் மூலையில போய் ஒடுங்குதா, பல்லைக் காட்டுதா, இல்ல தள்ளி நின்னு பாத்துட்டுக் கொஞ்ச நேரத்துல மோந்து பாக்க வருதா? மூணாவதா சொன்ன தாயோட குட்டி உங்க வீட்டுக்கு ஆகும். தாயைக் காட்ட மாட்டேன்னா வந்துருங்க.

மதுரை, திருநகர்

எல்லோருக்கும் நன்றி. போய் வந்தோம், பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

செவலைக் குட்டியின் தாய் எங்கே என்று விற்பவரிடம் கேட்டால் "வேற ஊர்ல இருக்கு" என்றார். கன்னியின் தாய் அங்கேயே வேப்ப மரத்தடியில் இருந்தது. பையன் சற்றுத் தள்ளி மண்ணில் உட்கார்ந்தான். அது ரொம்ப நேரம் அசையவில்லை, நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே வந்து அவன் முதுகை மோந்துவிட்டுப் போய் மறுபடி படுத்தது. அதோடு எங்களுக்கு முடிவாகிவிட்டது. கருப்பு நாய் என்றதும் அம்மா மறுப்பார் என்று நினைத்தேன். பைரவர் வாகனம் வீட்டுக்கு வருகிறது என்று அவர்தான் முதலில் மடியில் வாங்கிக்கொண்டார். எட்டு வாரம் முடியட்டும் என்று இன்னும் பதினோரு நாள் அங்கேயே விட்டுவைத்து, போன வியாழன் கொண்டுவந்தோம்.

சுவருக்கு மேலே ரெண்டரை அடிக்குக் கம்பி வலை அடித்தாயிற்று. ஓட விட, எங்கள் உறவினர் ஒருவரின் வேலி போட்ட தோப்பு ரெண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. பெரிதானதும் தினமும் காலை ஐந்தரைக்கு நானும் பையனும் கூட்டிப்போவது என்று பேசி வைத்திருக்கிறோம். டாக்டரிடம் காட்டி முதல் ஊசியும் குடல் புழு மருந்தும் கொடுத்தாயிற்று. வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாசம் என்றார். ஊசி வரிசை முடியும் வரை தெருவில் இறக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

கோவை தங்கச்சி எழுதியது அப்படியே நடக்கிறது, குட்டி பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பெண் அங்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு பாடப் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாள். மெதுவாகப் படி என்றால், மெதுவாகப் படித்தால் அதற்குக் கேட்காதாம்.

சாத்தூர் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. இப்போது டாக்டர் சொன்ன குட்டித் தீனியும் வேகவைத்த முட்டையும் கொடுக்கிறோம். உங்கள் வீட்டு நாய்க்குக் கம்மங்கஞ்சி கொடுப்பதுண்டென்றால் எத்தனை மாசத்தில் ஆரம்பிப்பீர்கள், மோர் ஊற்றியா, வெறுங்கஞ்சியா?