இன்டரப்ட்டால் தூக்கம் போன கதைகள்

சால்டர்புகை:

உங்கள் தூக்கத்தை அதிக நாள் கெடுத்த இன்டரப்ட் பக் எது? (இன்டரப்ட் என்றால் ஓடும் வேலையைப் பாதியில் நிறுத்தி, ஹேண்ட்லர் என்ற சின்ன ஃபங்க்ஷனை சிப் ஓட்டுவது.) என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மோட்டார் கன்ட்ரோலர் போர்டு. எஸ்டிஎம்32 எஃப்103 சிப் (உள்ளே கார்டெக்ஸ்-எம்3 பிராசஸர்), 72 மெகாஹெர்ட்ஸ், மேலே ஃப்ரீஆர்டிஓஎஸ், அதாவது பல டாஸ்க்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் சின்ன ஓஎஸ். லேப் மேசையில் ஒரு வாரம் ஓடவிட்டும் ஒரு குறையும் இல்லை. சைட்டுக்குப் போனதும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை அப்படியே நின்றுவிடும். போர்டு நின்றால் ரீசெட் செய்யும் டைமரான வாட்ச்டாக் தட்டி எழுப்பும். "உங்க பெட்டி அப்பப்போ தூங்கி எழுந்திரிக்குது சார்" என்று கஸ்டமர் போன் செய்வார்.

முதலில் பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டோம். மாற்றினோம். அப்புறம் எர்த்திங். அப்புறம் மோட்டார் கேபிளுக்கு ஷீல்டு. அப்புறம் எல்லா டாஸ்க்குக்கும் ஸ்டாக்கை (அதன் தற்காலிக மெமரியை) இரண்டு மடங்காக்கினோம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நாலு நாள் ஒழுங்காக ஓடும். பிரச்சினை தீர்ந்தது என்று கடையில் டீ சொல்லிக் குடிப்போம். ஐந்தாம் நாள் போன் வரும்.

கடைசியில் வாட்ச்டாக்கை அணைத்துவிட்டு, டீபக்கரைச் சொருகி சைட்டிலேயே உட்கார்ந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி நின்றது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் லிஸ்ட் ஃபைலில், பட்டியலுக்குள் ஒரு உருப்படியைச் செருகும் ஃபங்க்ஷனில், ஒரு ஃபார் லூப்பில் சுற்றிக்கொண்டே இருந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த லூப்புக்கு மேலேயே கமென்ட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள்: இங்கே வந்து மாட்டிக்கொண்டால் ஸ்டாக் நிரம்பியதா பார், இன்டரப்ட் பிரயாரிட்டி தப்பா பார், குறிப்பாக கார்டெக்ஸ்-எம் சிப்பில் பார் என்று. ஒன்றரை மாத அலைச்சலுக்கு விடை நாங்கள் தினமும் கம்பைல் செய்த ஃபைலுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

கார்டெக்ஸ்-எம்மில் எண் சிறியதாக இருந்தால் பிரயாரிட்டி பெரியது. நீங்கள் எதுவும் செட் செய்யாவிட்டால் ரீசெட்டுக்குப் பின் எல்லாமே 0, அதாவது உச்ச பிரயாரிட்டி. கார்டெக்ஸ்-எம்3-க்கான ஃப்ரீஆர்டிஓஎஸ், இடையூறு கூடாத வேலைக்கான கிரிட்டிகல் செக்‌ஷனுக்குள் போகும்போது எல்லா இன்டரப்ட்டையும் அடைப்பதில்லை. எந்த பிரயாரிட்டி வரை தடுப்பது என்று சொல்லும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டரில் ஒரு வரம்பை எழுதுகிறது. எங்கள் செட்டிங்கில் அந்த வரம்பு 5. ஐந்தும் அதற்கு மேல் எண் கொண்டவையும் காத்திருக்கும், 0 முதல் 4 வரை தாராளமாக உள்ளே வரும். ஆனால் அப்படி வருபவை கெர்னலின், அதாவது ஓஎஸ்ஸின் உட்கருவின், ஃபங்க்ஷன் எதையும் தொடக் கூடாது. இன்டரப்ட்டுக்கென்றே எழுதிய, பெயர் ஃப்ரம்ஐஎஸ்ஆர் என்று முடிகிற ஃபங்க்ஷனானாலும் சரி, கூடாது.

மோட்டார் சுழல்வதைப் பல்ஸாகச் சொல்லும் எங்கள் ஹால் சென்சாரின் ஹேண்ட்லருக்கு யாரும் பிரயாரிட்டி செட் செய்யவில்லை. அது 0-வில் இருந்துகொண்டு, டாஸ்க்கை எழுப்பும் சிக்னலான செமஃபோரைக் கொடுத்துக்கொண்டிருந்தது. கெர்னல் ஒரு பட்டியலில் பாதி முடிச்சுப் போட்டிருக்கும் நேரத்தில் இது உள்ளே வந்து அதே பட்டியலில் கை வைக்கிறது. ஒரு முனை தன்னையே சுட்டுகிறது. அப்புறம் அந்த லூப்புக்கு முடிவு ஏது? அந்த இடைவெளி சில கிளாக் சைக்கிள்தான், அதனால்தான் நாள்கணக்கில் ஒரு தடவை. லேபில் மோட்டாரை லோடு இல்லாமல் மெதுவாக ஓட்டினோம், ஹால் பல்ஸ் குறைவு, சிக்கவே இல்லை.

சரி செய்தது ஒரே வரி. பிரயாரிட்டி 6.

தப்பு நடந்தால் அங்கேயே நிறுத்தும் கான்ஃபிக் அசர்ட் என்ற சோதனையை டிஃபைன் செய்திருந்தால் முதல் செமஃபோரிலேயே போர்டு நின்று காட்டிக் கொடுத்திருக்கும். மெமரி மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை எடுத்தது நான்தான்.

எட்டுபிட்:

என்னுடையதில் ஆர்டிஓஎஸ் எல்லாம் கிடையாது, சும்மா ஏடிமெகா328, ஒரு எட்டு பிட் சிப். கேபிளை அளந்து வெட்டும் மெஷின். கேபிள் ஓடும் நீளத்தைப் பல்ஸாகச் சொல்லும் என்கோடரின் ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு இன்டரப்ட், அதில் 16 பிட் கவுன்ட்டர் ஒன்று கூடும். மெயின் லூப் அதைப் படித்து, நீளம் வந்ததும் பிளேடை இறக்கும்.

நூற்றுக்கணக்கில் வெட்டினால் ஒன்று மட்டும் குட்டையாக விழும். பெல்ட் நழுவுகிறது என்றார் மெக்கானிக். பெல்ட் மாற்றினார், ரோலர் மாற்றினார். நான் ஒவ்வொரு வெட்டின்போதும் படித்த எண்ணை சீரியலில் அனுப்பிப் பதிவு செய்தேன். குட்டைத் துண்டுகளுக்கு வந்த எண்கள் 511, 767, 1023. பார்த்ததும் முதுகு சில்லிட்டது. பெல்ட் நழுவினால் இப்படி அழகான எண்களா வரும்?

எட்டு பிட் சிப் 16 பிட் எண்ணை இரண்டு தடவையாகத்தான் படிக்கும். கவுன்ட்டரில் 255 இருக்கிறது. கீழ் பைட்டைப் படித்தாயிற்று, எட்டு பிட்டும் 1. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து கவுன்ட்டரை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து மேல் பைட்டைப் படித்தால் அங்கே 1. இரண்டையும் சேர்த்தால் 511. கேபிள் 256 பல்ஸ் அதிகம் ஓடிவிட்டதாக நினைத்து பிளேடு இறங்கிவிடும்.

வோலட்டைல் போட்டுத்தான் இருந்தேன். அது கம்பைலரை ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போய்ப் படிக்க வைக்கும், அவ்வளவுதான். இரண்டு பைட்டையும் ஒன்றாகக் கட்டிவைப்பது அதன் வேலை இல்லை. ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரை எடுத்து வைத்துக்கொண்டு, இன்டரப்ட்டை அணைத்து, படித்து, பழையபடி திருப்பி வைத்தேன். மெக்கானிக்கிடம் புது பெல்ட்டுக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு மட்டும் ரொம்ப நாள் ஓடியது.

டிக்குடிக்கு:

சின்னக் கதை. ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) வேலை முடிந்ததும் ஹேண்ட்லர் செமஃபோர் கொடுக்கும், உச்ச பிரயாரிட்டி டாஸ்க் விழிக்கும். விழித்தது, ஆனால் சில சமயம் உடனே, சில சமயம் கிட்டத்தட்ட 1 மில்லி செகண்ட் கழித்து. ஃப்ரீஆர்டிஓஎஸ் மெதுவானது, காசு கொடுத்து வேறு ஓஎஸ் வாங்கலாம் என்று மீட்டிங் வரை போய்விட்டது. ஒரு பின்னை ஹேண்ட்லரில் உயர்த்தி டாஸ்க்கில் இறக்கி, லாஜிக் அனலைசரில் பார்த்தேன். தாமதம் எப்போதும் டிக், அதாவது ஓஎஸ்ஸின் கடிகாரத் துடிப்பு, வரும் இடத்தில் போய் முடிந்தது. எங்கள் டிக் 1000 ஹெர்ட்ஸ். ஹேண்ட்லர் கடைசியில் யீல்டு, அதாவது டாஸ்க் மாற்றம், கேட்கும் மேக்ரோவை எழுதவே இல்லை. டாஸ்க் தயாராகிவிட்டது, ஆனால் மாறச் சொல்ல ஆளில்லாமல் அடுத்த டிக் வரை பழைய டாஸ்க்கே ஓடியிருக்கிறது. எழுதியதும் சில மைக்ரோ செகண்டுக்கு இறங்கியது.

மோட்பஸ்_வாசி:

முதல் கதையைப் படித்ததும் எங்கள் ஹேண்ட்லர்களைப் போய்ப் பார்த்தேன், பிரயாரிட்டி எல்லாம் சரி. ஆனால் எங்கள் கதையில் ஹேண்ட்லர் மேல் குற்றமே இல்லை.

அதே எஃப்103. சீரியலில் நொடிக்கு 115200 பிட் வேகத்தில், கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை. பயனர் செட்டிங்கை மாற்றி சேவ் அழுத்தினால் மட்டும் அடுத்த மெசேஜ் கெட்டுப்போகும். ஹேண்ட்லரை எவ்வளவு சுருக்க முடியுமோ சுருக்கினோம். பைட்டை எடு, பஃபரில் போடு, கிளம்பு. பயனில்லை.

செட்டிங் போவது சிப்பின் உள் ஃப்ளாஷ் மெமரிக்கு. ஒரு பேஜ் அழிக்க 20 முதல் 40 மில்லி செகண்ட் ஆகும். அழியும்வரை அதே ஃப்ளாஷிலிருந்து கோடு எடுக்க முடியாது, பிராசஸர் நின்ற இடத்தில் நிற்கும். ஹேண்ட்லரின் கோடும் அங்கேதானே இருக்கிறது? 115200-இல் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோ செகண்ட். சீரியலைக் கையாளும் யூஆர்ட்டில் காத்திருக்க ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். 20 மில்லி செகண்டுக்குள் 230 பைட் வரை வந்து கதவைத் தட்டிவிட்டுப் போகலாம்.

இதற்கு மேல் இன்னொன்று. பைட் தவறிப்போனதைக் காட்டும் ஓவர்ரன் ஃப்ளாகை யாரும் கிளியர் செய்யவில்லை. இந்த சிப்பில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து, அதன்பின் டேட்டா ரெஜிஸ்டரைப் படித்தால்தான் அது இறங்கும். எங்கள் ஹேண்ட்லர் புது பைட் ஃப்ளாக் இருந்தால் மட்டும் டேட்டாவைப் படிக்கும். இல்லாவிட்டால் வெளியே போகும், போன கையோடு திரும்ப உள்ளே வரும். சில சமயம் மெசேஜ் கெடுவதோடு நிற்காமல் போர்டே முடங்கியது இதனால்தான்.

பிராசஸர் இல்லாமலே டேட்டாவை நகர்த்தும் டிஎம்ஏ போட்டிருக்கலாம், பிராசஸர் நின்றாலும் பைட் ரேமுக்குப் போய்ச் சேரும். நாங்கள் செட்டிங்கை வெளியே ஒரு எஃப்ரேம் மெமரி சிப்புக்கு மாற்றிவிட்டோம். பார்ட்டுக்குக் கொஞ்சம் காசு கூட, ஆனால் நிம்மதி.

எட்டுபிட்:

அதற்குத்தான் சொல்கிறேன், ஹேண்ட்லரில் ஒரு கொடி தூக்கிவிட்டு வந்துவிட வேண்டும். மற்றதெல்லாம் டாஸ்க்கில்.

சால்டர்புகை:

அதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். மோட்டார் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் எங்கள் கரன்ட் லூப் 20 கிலோஹெர்ட்ஸ், சுற்றுக்கு 50 மைக்ரோ செகண்ட். அதற்கு டாஸ்க்கை எழுப்பிக்கொண்டிருந்தால் டாஸ்க் மாற்றுவதிலேயே நிறைய நேரம் போய்விடும். கணக்கு முழுவதும் ஹேண்ட்லருக்குள்தான், பிரயாரிட்டி 1. கெர்னலைத் தொடாது, அதனால் கெர்னலும் அதைத் தடுக்காது. அந்த 0 முதல் 4 வரை இருப்பதே இதற்காகத்தானே.

டிக்குடிக்கு:

அந்த 5 பற்றி ஒரு வார்த்தை. எஸ்டிஎம்32-இல் எட்டு பிட்டில் மேல் நாலு பிட்தான் பிரயாரிட்டி. கான்ஃபிக் ஃபைலில் வரம்பை வெறும் 5 என்று எழுதினால் அது கீழ் பிட்களில் போய் விழும், சிப் கண்டுகொள்ளாது. பேஸ்ப்ரை 0 ஆகிவிடும். 0 என்றால் எதையும் தடுக்காதே என்று அர்த்தம். நாலு இடம் இடப்பக்கம் தள்ளி 80 ஆக எழுத வேண்டும். உங்கள் ஃபைலில் எப்படி இருக்கிறது?

சால்டர்புகை:

80 தான், இப்போதுதான் பார்த்தேன். பார்க்கும் சாக்கில் இதற்கு முந்தைய புராஜெக்ட்டையும் திறந்தேன். மூன்று ஹேண்ட்லருக்கு பிரயாரிட்டி செட் செய்யவே இல்லை. ஒன்று கெர்னலின் க்யூவில் எழுதுகிறது. அந்தப் போர்டுகள் ஓட ஆரம்பித்து ஐந்து வருடம் ஆகிறது, இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை. நாளைக்குக் காலையில் இதை மேனேஜரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.