ஜென்செட் ஸ்டார்ட் ஆகி உடனே செத்துவிடுகிறது, அவசரம்

தோட்டத்துப்பையன், இரவு 8.40
மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம். மழையில் மரம் விழுந்து ஆறு மணியிலிருந்து கரண்ட் இல்லை. மச்சான் வீட்டு ஜென்செட்டை, அதான் பெட்ரோல் ஜெனரேட்டரை, தூக்கி வந்தேன். கயிற்றை இழுத்தால் உறுமுகிறது, நாலைந்து நொடியில் அணைந்துவிடுகிறது. நாளை மறுநாள் பிள்ளைக்குக் காதணி விழா. பிரீசர் நிறைய ஆட்டிறைச்சி. சீக்கிரம் சொல்லுங்கள்.

மோட்டார்கடை அண்ணன்
எத்தனை வாட்? கடைசியாக எப்போது ஓடியது? பெட்ரோல் பழசா? எனக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் மேல்தான் சந்தேகம். மாதக்கணக்கில் டேங்கில் நின்ற பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி அதிலுள்ள சின்னத் துளையை, ஜெட்டை, அடைத்துவிடும். கார்புரேட்டர் அடியில் கிண்ணம் போல இருக்கும், அதை வடித்துவிட்டுப் புது ரோன்95 பெட்ரோல் ஊற்றுங்கள்.

புல்வெட்டி72
பெட்ரோலில் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) கலந்தீர்களா? தோட்டத்தில் 20 வருடம் மெஷின் தூக்கியவன் நான். கலக்காமல் எதுவும் ஓடாது.

பழைய ஃபோர்மன்
அது பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் புல்வெட்டும் மெஷின். இது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயிலுக்குத் தனி வாய் இருக்கிறது. தெரியாததைச் சொல்லிப் பையனின் இஞ்சினைக் கெடுக்காதீர்கள். இங்கே யாரும் முதலில் ஆயில் குச்சியைப் பார்க்கச் சொல்லவில்லை, எடுத்ததும் கார்புரேட்டர்! ஆயில் குறைந்தால் சென்சார் தானே இஞ்சினை அணைக்கும். மெஷின் சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். தம்பி, சமமாக வைத்தாயா? சோக்கை (ஸ்டார்ட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் பிடி) எப்போது தள்ளினாய்?

புல்வெட்டி72
நான் ஒரு பங்கு ஆயிலுக்கு 25 பங்கு பெட்ரோல், 1:25 கலந்து எத்தனையோ மெஷின் ஓட்டியிருக்கிறேன்.

மோட்டார்கடை அண்ணன்
இப்போது வரும் 2டிக்கு 1:50 போதும். 25 போட்டால் ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும்.

புல்வெட்டி72
பழைய மெஷினுக்கு 25தான். கடைக்காரர் பேச்சு வேறு, காட்டு வேலை வேறு.

கேட்டரிங் அக்கா
தம்பி, முதலில் பிரீசரைத் திறக்காதே. நிறைய சாமான் இருந்து மூடியே வைத்தால் இரண்டு நாள்கூடத் தாங்கும், பாதி இருந்தால் ஒரு நாள். இறைச்சிக்காகப் பதறிப்போய் இருட்டில் எதையும் செய்யாதே.

வயர்மேன் பேராக்
மெஷின் எங்கே நிற்கிறது? அதைச் சொல்லுங்கள்.

தோட்டத்துப்பையன், 9.15
2000 வாட். போன வருடத் திருவிழாவுக்கு ஓடியது. மழை என்பதால் பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் வைத்திருக்கிறேன், கதவு ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கிறது. ஓடினால் இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய வயரை சுவிட்ச் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்க லைட் எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

வயர்மேன் பேராக்
தம்பி, ஓடாததே நல்லதாகப் போயிற்று. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஜன்னல் திறந்திருந்தாலும் வீட்டுக்குள் தேங்கும். தூங்குகிறவர்கள் எழவே மாட்டார்கள். வெளியே, வீட்டிலிருந்து ஆறு மீட்டராவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காமல் வையுங்கள். மழை விடும்வரை காத்திருங்கள், ஈரக் கையால் தொடாதீர்கள்.

அந்த வயரை இப்போதே வெட்டிப் போடுங்கள். ஒரு முனையைச் செருகினால் மறுமுனையின் பின்னில் 230 வோல்ட் வெளியே நிற்கும். மெயினும் ஆஃப் ஆகாமல் இருந்தால் அது தெருவுக்கு ஓடி, டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகும். இந்த நேரம் மரத்தை அகற்றிக்கொண்டு லைன் கம்பியைப் பிடித்திருப்பவரும் ஒருவருக்கு அப்பாதான். நானும் அந்தக் கம்பியைப் பிடித்தவன். வீடு முழுக்க வேண்டுமென்றால், லைசென்ஸ் உள்ளவரை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள், அது தெரு லைனைத் துண்டித்துவிட்டுத்தான் ஜென்செட்டை வீட்டோடு இணைக்கும். இன்றைக்குத் தடித்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாக விரித்து, பிரீசரை மட்டும் மாட்டுங்கள்.

பழைய ஃபோர்மன்
கழுவும் இடத்துத் தரை சாக்கடைப் பக்கம் சரிவாகத்தான் இருக்கும். நான் சொன்னது புரிகிறதா? சமதரை, ஆயில், பெட்ரோல் குழாய் திற, சோக் மூடு, ஒன்றும் மாட்டாமல் இழு. சூடு ஏற ஏற சோக்கைத் திற. இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும், அப்புறம் பிரீசர். பெட்ரோல் தீர்ந்தால் இஞ்சின் ஆறிய பிறகு ஊற்று.

தோட்டத்துப்பையன், 10.50
மழை விட்டது. கோழிக்கூட்டைத் தாண்டி, பலகை போட்டுச் சமமாக வைத்தேன். ஆயில் குச்சியின் நுனியில் ஒரு சொட்டுகூட இல்லை. 10டபிள்யூ30 இஞ்சின் ஆயில் ஊற்றி, பெட்ரோலும் மாற்றினேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது, பிரீசர் ஓடுகிறது. வயரை வெட்டிவிட்டேன். நன்றி அண்ணே.

வயர்மேன் பேராக்
நல்லது தம்பி. பிரீசர் வயர் எந்த வழியாக உள்ளே போகிறது? ஜன்னல் என்றால் மெஷின் பக்கத்து ஜன்னல் வேண்டாம், இடுக்கையும் துணி வைத்து அடையுங்கள். படுக்கும் முன் மெஷினை அணைத்துவிடுங்கள்.

வயர்மேன் பேராக், 11.40
தம்பி, அணைத்தாயிற்றா? ஒரு வார்த்தை போடுங்கள்.